முப்பது வரை

பஞ்சிகாவத்தையில்
பழைய கியர்பெட்டிகளைக் கழற்றிக் குவித்திருக்கும் கடைக்கு மேலே
இரும்புப் படிக்கட்டு. பதினான்கு படி.
ஒன்பதாவதில் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றுவது வழக்கம்.
போன மார்கழியோடு
மற்றத் தோளும் கைவிட்டது.

நான்கு வருசம்.
எக்ஸ்ரே, ஸ்கேன், கழுத்துப்பட்டி.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்ட டொக்டரிடம்
திங்கள் என்றால் ஏழு,
வெள்ளிக்கு எண் போதாது என்றேன்.
எட்டு என்று எழுதினார்.
மகன் கட்டிப்பிடிக்குமுன் ஒரு கணம்
மூச்சை அடக்குகிறான், சித்தாலேப நெடிக்கு.

என் தொழில் நிற்பது.
புதுக்கடை நீதிமன்றத்தில்
சாட்சிக் கூண்டுக்கு ஒரு முழம் தள்ளி,
இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களம்,
நடுவில் கழுத்து.
ஒரு நாளைக்கு அது எத்தனை தரம் திரும்புகிறது என்பது
எந்தப் படத்திலும் விழவில்லை.

நில்மினி வாக்கு ஒன்றும் தரவில்லை.
"தேய்ந்த எலும்பை என் விரல் வளர்க்காது,
மாத்திரையை நிப்பாட்டச் சொல்லவும் மாட்டேன்."
சுவரில் ஒரு இடது பாதம், புள்ளி புள்ளியாய்.
எனக்கு அது கொழும்பாகத்தான் தெரிந்தது:
விரல் நுனிகளில் மட்டக்குளி, குதியில் தெஹிவளை,
உள்வளைவு நெடுகக் கடல்.
கழுத்துக்கான புள்ளி பெருவிரலின் அடியில்.
கிட்டத்தட்ட புதுக்கடை.

அன்று காலை சாட்சி செபமாலை.
துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், கம்பியால் அடிபட்ட கை.
"ராவில உளையுது ஐயா" என்றார்.
உளைவு.
குத்தல் இல்லை, எரிவு இல்லை, கடுப்பும் இல்லை.
மழைத் தண்ணி சுவருக்குள் ஊறுவதுபோல
எலும்புக்குள் ஊறி, கிடக்கவும் விடாமல் எழும்பவும் விடாமல்...
நீதிபதியின் பேனை காத்து நின்றது.
கிட்ட இருந்த சிங்களச் சொல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்,
எந்த நோவுக்கும் பொருந்துகிற ஒன்று.
எழுதினார். அடுத்த கேள்வி.
செபமாலை என்னைப் பார்த்தபடி இருந்தார்,
மீதிச் சில்லறைக்கு நிற்பவரைப் போல.

அந்தப் பார்வையோடுதான் குப்புறப் படுத்தேன்.
நில்மினியின் பெருவிரல் தோள்மேட்டில் இறங்கியது.
"ரிதெனவத?"
நாளுக்கு இருபது தரம் நான் தமிழாக்கும் கேள்வி.
இப்போது நடுவில் நிற்க ஆளில்லை.
வாய் தன்பாட்டில் சொன்னது:
"உளையுது."
அவளுக்குத் தமிழ் தெரியாது.
விரலை அரை அங்குலம் கீழே நகர்த்தினாள்.

அங்கேதான்.

கீழே யாரோ துருப்பிடித்த பெயரிங் ஒன்றைத்
தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு கிழமை. குணமா என்று கேட்காதீர்கள்.
வெள்ளிக்கிழமைக்கு இப்போது எண் போதுகிறது.
விரலாலோ, சுடுதுவாயாலோ,
ஒரு மணித்தியாலம் யாருக்காகவும் பேசாமல் கிடந்ததாலோ
தெரியாது.
நடுவில் ஒரு கிழமை அவள் இல்லை,
தன் பெருவிரலுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.
திரும்பி வந்து கட்டுப்போட்ட விரலைக் காட்டியபோது
இருவரும் வெட்கமில்லாமல் சிரித்தோம்.

அன்றைக்கு அழுத்த முடியாமல் சொல்லித்தந்தது இது:
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள சதை.
அழுத்து. முப்பது வரை எண்ணு. விடு.
நீதிமன்றத்தில் கோவைக்கு அடியில் கையை மறைத்துச் செய்கிறேன்.

சாட்சி சொல் தேடித் தடுமாறினால்
முன்பெல்லாம் நானே ஒன்றை நீட்டிவிடுவேன்.
இப்போது எண்ணுகிறேன்.

இன்று கூண்டில் கிராண்ட்பாஸ் பெண் ஒருத்தி.
எப்படி இருந்தது என்பது கேள்வி.
"அது... அது வந்து..."
சட்டத்தரணி இருமுகிறார்.
நீதிபதி மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
பதினேழு.
பதினெட்டு.