கூடைக் கழிவு

கடைசி வள்ளத்து நண்டும் ஐஸுக்குள் இறங்கியபின்
கம்பெனித் தராசை ஒரு மணி நேரம்
எங்களுக்கு விட்டுக்கொடுத்தார் முதலாளி.
தட்டைக் கழுவித் துடைத்து
பழைய பேப்பர் விரித்தேன்.
தங்கச்சிமடத்தில் கழுவினால் போகிற வாடை உண்டா என்ன.

முதல் பெட்டி: இருபத்தைந்து நானூறு.
ஆளுக்கு இருபத்துமூன்று என்கிறது டிக்கெட்.
பன்னிரண்டு வருடப் பழக்கம்,
கூடைக்கும் தண்ணிக்குமாக ஒன்றரை கிலோ கழித்து
இருபத்துமூன்று தொள்ளாயிரம் என்று
எழுதிவிட்டது கை.
"டப்ளின்ல ஒங்க கழிவு செல்லாது" என்றாள் பிரிஜித்தா.
"கழிச்சும் தொள்ளாயிரம் கூடத்தான் நிக்குது."

குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.
இட்லிக் கொப்பரை, வெளியே.
கவருக்குள் கவராக நான் ஒளித்த நெத்திலிக் கருவாடு, வெளியே.
"மொத வாரமே வீட்டுக்காரன் கதவத் தட்டணுமா?"
ஜெபிஷாவின் சிப்பி டப்பாவைக் கையில் வைத்து யோசித்தாள்.
மகள் முகத்தைப் பார்க்காமல்
திரும்ப உள்ளேயே வைத்தாள்.
கல்யாணத்து மறுநாள் உடுத்திய தன் நீலப் பட்டு,
வெளியே.

இவளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை,
விடிந்ததும் பஸ்ஸில் காதில் ஒயரோடு ஆங்கிலம்;
பாம்பன் பாலம் ஏறும்போது ஒரு பாடம்
இறங்கும்போது அடுத்தது.
இரண்டு முறை தோற்று மூன்றாவதில் தேறினாள்.
நேர்காணல் அன்று சிக்னல்
மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஓரம் மட்டும்தான்.
காயப்போட்ட மிளகாய்க்கு நடுவே முக்காலி போட்டு
முகம் தெரியாத ஒருத்தியிடம்
ரத்த அழுத்தம் பற்றிப் பேசினாள்.
படியில் உட்கார்ந்து
சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன் நான்.
இதில் என் பங்கு அதுதான்.

மதுரை ஏஜென்ட் ஆபீஸில்
படிவத்துக்குத் தொழில் கேட்டான் ஒரு பையன்.
நண்டு எடை போடுகிறேன் என்றேன்.
சிரிக்கவில்லை, நல்ல பையன்.
"டிபென்டன்ட்னு போட்டுக்கலாம் சார்."
என்ன அர்த்தமென்று பஸ்ஸில் அவளைக் கேட்டேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
"கூட வர்றவருன்னு அர்த்தம்" என்றாள்.
மானாமதுரை தாண்டியதும் செல்போனில் நானே தேடினேன்.
சார்ந்திருப்பவர்.

அந்தச் சொல்லுக்கு என் நோட்டில் தனிப் பக்கமே உண்டு.
சூசைராயன், வலைக்கு நாற்பதாயிரம்.
கிளாட்வின், இஞ்சினுக்கு எண்பது.
முன்பணம் வாங்கியவன்
வேறு கம்பெனிக்கு நண்டு கொண்டுபோகக் கூடாது.
விலை கேட்கக் கூடாது.
கழிவு ஏன் இவ்வளவு என்று கேட்கவே கூடாது.
கேட்டால் தலை தூக்காமல் சொல்வேன்:
"கடன முடிச்சுட்டுப் பேசு, மாப்ள."

நேற்று
மூன்று டிக்கெட்டுக்கும் வாடகை அட்வான்ஸுக்குமாக
நாலு லட்சம் எண்ணிக் கொடுத்த முதலாளி
அதே நோட்டை என் பக்கம் தள்ளினார்.
"நீயே எழுதிரு. ஒன் கையெழுத்துதான் அழகு."

நாலாவது பெட்டி ஏறும்போது வாசலில் சூசைராயன்.
நடுக்கடலில் இஞ்சின் நின்று
கச்சானில் இழுபட்டுக் கரையேறியவன்,
சட்டையெல்லாம் உப்பு.
"மூடிட்டியளா?"

பெட்டியை இறக்கினேன். பேப்பரை உருவினேன்.
அவன் கூடையைக் கவிழ்த்து
வெறுங்கூடையைத் தனியாக வைத்துப் பார்த்தேன்,
பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.
அறுநூற்றைம்பது கிராம்.
பிறகு நண்டோடு வைத்து
அதை மட்டும் கழித்து
நாலு கிலோ நூறு என்றேன்.

குனிந்து எண்களைப் பார்த்தான்.
கண்ணாடியை விரலால் சுண்டினான்.
பிரிஜித்தாவை, பிள்ளைகளை,
வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்தான்.
"என்ன சிலுவ, தராசு ரிப்பேரா?"

"ஆமா" என்றேன்.
"நாளைக்குச் சரி பண்ணிருவாக."