முப்பத்தொன்று

பிறக்கும்போது எல்லா இழைக்கும் முப்பத்தொன்று.
பூஜ்யத்துக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில்
யாரையும் நோகடிக்காத ஓர் எண்.
வேலந்தாவளத்தில் நான் பிறந்தபோது
என்ன எண் போட்டார்கள் என்று கேட்டதில்லை.

வரிசை எழுதுவது சுலபம்.
தயாராய் நிற்பவர்களில் பெரிய எண் முன்னால்.
நாலு டிக்குக்கு ஒருமுறை மணியடித்து
பிராசஸரைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடு.
முதல் நாளே ஓடிவிட்டது.
ஜெஸ்னா சித்தூர் பஸ்ஸிலிருந்து
"பாஸாயி" என்று குரல் அனுப்பினாள்,
பின்னால் கண்டக்டர்
கொழிஞ்சாம்பாறை, கொழிஞ்சாம்பாறை என்று கத்த.

சிக்கல் பூட்டில்.

எண் எட்டு உள்ள ஒருத்தி பூட்டை வைத்திருக்கிறாள்.
அறுபதுக்காரன் வந்து அதற்காக நிற்கிறான்.
நடுவே நாற்பதுகள் வந்தபடி இருக்கின்றன,
பூட்டோடு சம்பந்தமே இல்லாத நாற்பதுகள்.
எட்டுக்கு முறை வருவதே இல்லை.
எட்டு ஓடாமல் பூட்டு அவிழாது,
பூட்டு அவிழாமல் அறுபது ஓடாது.
பெரியவன் காத்துக் கிடக்க
நாற்பதுகள் டீ குடித்துவிட்டுப் போகின்றன.

வழி ஒன்று உண்டு.
காத்திருப்பவன் தன் எண்ணை அவளுக்குக் கொடுப்பான்.
டொனேஷன் என்கிறது லேப் கையேடு.
நோட்டில் தானம் என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டுக்
கைமாற்று என்று எழுதினேன்.

அண்ணன் திருமூர்த்தி
கிணத்துக்கடவு சந்தையில் தக்காளி ஏற்றி
ஆறு மணிக்குள் செக்போஸ்ட் தாண்ட வேண்டும்.
விடிகாலை மூன்றரைக்கு அடுப்படி என்னிடம்.
அந்த இருபது நிமிடம்
குழாயடியில் எனக்கு வழி விடுகிறார்கள்.
பாதிக் குளியலில் அப்பா
துண்டோடு வெளியே வந்து பக்கெட்டைத் தருகிறார்.
"அவளை விடுடா" என்று தம்பியை நகர்த்துகிறாள் அம்மா.
பெரிய பர்னர் எனக்கு. மிக்ஸி எனக்கு.
கரண்டுகூட அந்நேரம் போவதில்லை.
டிபன் டப்பா மூடும் சத்தம் கேட்டதும்
நான் எட்டு.

இரண்டு வாரமாய்
இருபத்திரண்டாவது சோதனை மட்டும் தோற்றது.
தேடினால்,
கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்க மறந்திருக்கிறோம்.
பூட்டைக் கைவிட்ட பிறகும்
எட்டு அறுபதாகவே ஓடிக்கொண்டிருந்தது,
நிஜமான ஐம்பதுகள் வெளியே நிற்க.
ஜெஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள்.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
அறுபது, அறுபது, அறுபது என்று
ஓர் எட்டு போய்க்கொண்டே இருந்தது.
அழிப்பதற்கு முன்னால்
ஒரு போட்டோ எடுத்து வைத்தேன்.

திருத்தம் சின்னது.
பூட்டை விட்டால் பழைய எண்ணுக்குத் திரும்பு.
ஆனால் கையில் வேறொரு பூட்டு இருந்தால்
அதற்காக நிற்பவர்களில் பெரிய எண் எதுவோ
அது உன்னுடையதாகவே இருக்கட்டும்.
முதல் வரியை ஜெஸ்னா எழுதினாள், அரை நிமிடத்தில்.
அந்த 'ஆனால்' என்னுடையது.
ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது.

இப்போது மணி மூன்று ஐம்பது.
வெளியே ஹாரன்.
"சுகந்தி, அண்ணன் நிக்கறான் பாரு."
சட்டியில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்,
கடுகு போடவில்லை.
மேடை மேல் மாவுக் குண்டானை ஒதுக்கி
லேப்டாப்.
பதினேழு பாஸ். பதினெட்டு பாஸ்.
அப்பா எட்டிப் பார்க்கிறார்.
தம்பி பழக்கத்தில் சுவரோடு ஒட்டி வழி விடுகிறான்,
எங்கேயும் போகாமல் நிற்கிற எனக்கு.
பத்தொன்பது.
என் கையில் இரண்டு பூட்டு.
இருபது.
டெம்போவின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து
அடுப்படிச் சுவரில் ஏறி நிற்கிறது.
இருபத்தொன்று.