ஏழுக்குப் பின் ஒன்பது

நெல் விலை விழுந்த வருஷம்.
மில் சங்கு ஊதி நாற்பது நாள்.
மோல்மீன் கரையில் எலிகள்கூட
வேறு ஊர் பார்த்துவிட்டன.
நாங்கள் பதினோரு பேர்
மூட்டை இல்லாத முதுகைச்
சொறிந்தபடி உட்கார்ந்திருந்தோம்.

படகு மா நியுனுடையது. வெற்றிலைக்காரி.
புருஷன் விட்டுப்போன ஓட்டைக்குத் தார் பூசித் தந்தாள்:
'ஜெயித்தால் பாதி எனக்கு.
தோற்றால் படகாவது முழுசாக வரணும்.'

துடுப்பு நான்கு.
மீதி ஆறும் மில் கதவின் பலகை.
தெரிந்த தாளம் ஒன்றே ஒன்று:
தூக்க ஒரு மூச்சு, இறக்க ஒரு மூச்சு.
அதையே தண்ணீரிடம் சொன்னோம்.

முழுநிலா நாள்.
கரை சிரித்தது.
சுங்கச்சாவடிக்காரர்கள் படகு
எண்ணெய் தடவின மீன் மாதிரிப் போயிற்று.
பாதி தூரத்தில் ஆறு எதிரே திரும்பி
எங்கள்மேல் ஏறி உட்கார்ந்தது.
சுமை எங்களுக்குப் புதிதா?

முனையில் குப்புறக் கிடந்த காசிம்
பிரம்பில் செருகிய பூவை எட்டிப் பறித்து
அப்படியே ஆற்றில் விழுந்தான்.
முதலில் பூ மேலே வந்தது.
அப்புறம் கை.
அப்புறம் பல்.

பரிசு ஒரு மூட்டை அரிசி.
தோளில் வாங்கிய சிவனாண்டி
இறக்காமல் நின்றான்.
வாய்த் தையல் அவன் போட்டது, அந்த இரட்டை முடிச்சு.
கடைசி நாள் மூட்டை.
கூலி வராத மூட்டை.

ராத்திரி மா நியுன்
தகர டப்பாவால் தன் பாதியை அளந்தாள்,
பர்மாப் பேச்சில் எண்ணி.
ஏழுக்குப் பின் ஒன்பது என்றாள்.
எங்களுக்கும் அந்த எண்கள் தெரியும்.
பதினோரு பேரும்
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.