நேற்றுக்கு ஒரு டிக்கெட்

ஆப்பியாவிலிருந்து பாங்கோ பாங்கோவுக்கு
நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர்.
காற்று ஒத்துழைத்தால் முப்பத்தைந்து நிமிடம்.
நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறதாம்,
விமானி ஃபெரெத்தி கூட அதைப் பார்த்ததில்லை.
தாண்டினால்
புதன், செவ்வாயாகிவிடும்.

நான் எடை பார்க்கிறவன்.
சின்ன விமானம், பெட்டியோடு
ஆளையும் தராசில் ஏற்றித்தான் இடம் கொடுப்பேன்.
எடையை உரக்கப் படிக்கக் கூடாது.
ஏறி நிற்பவரின் கூச்சத்தை மறக்கடிக்க
ஒரு வேடிக்கை வைத்திருந்தேன்:
"நேற்றுக்குத்தானே டிக்கெட்?
அங்கே என்னைப் பார்த்தால்
நலம் கேட்டதாகச் சொல்லுங்கள்."
சிரிப்பார்கள்.
ஒரே பிறந்தநாளை இரண்டுமுறை கொண்டாடப் போகிறவர்கள்
கேக்கைத் தனியாக நிறுக்கச் சொல்வார்கள்.

அந்தப் புதன்கிழமை, மூன்றேகால் மணி.
பெலெனதேதே தராசில் ஏறினாள்.
எண்பத்தொன்று.
கையில் சுருட்டிய மெல்லிய பாய், நாலு கிலோ.
கல்யாணத்துக்கும் எடுத்துப் போவார்கள், சாவுக்கும்.
நான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு
வேடிக்கையைச் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.
"நிஜமாகவே நேற்றா?"
"காலண்டர்படி."
"நேற்று எத்தனை மணிக்கு இறங்கும்?"
"நாலு முப்பத்தைந்து."
விரல் விட்டு எண்ணினாள்.
"அப்படியானால்
ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

எனக்குப் புரியவில்லை.
நாலாம் வரிசையில் உட்காரவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஏறி
சனிக்கிழமை வந்து இறங்கினாள்.
கூட வந்த தாளில்
எழுபத்தெட்டு என்று இருந்தது.
தள்ளுவண்டிக்குக் காத்திருக்கையில்
அவளாகவே சொன்னாள்:

தம்பி இயோசுவா, டூனா மீன் தொழிற்சாலையில் வேலை.
செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அழைத்திருக்கிறான்.
அவள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள்.
நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிட்டாள்.
நாளை நண்பகல் அவன் விழுந்தான்,
அவர்கள் கணக்கில் அது செவ்வாய் நண்பகல்.

"இறங்கியதும் போனைப் பார்த்தேன்.
நாள் மாறியிருந்தது: செவ்வாய்.
ஆறு மணி இன்னும் ஆகவில்லை.
ஆனால் அவனுடைய மிஸ்டு காலும்
திங்கட்கிழமைக்குப் போய்விட்டிருந்தது.
நான் எவ்வளவு பின்னால் போனேனோ
அதுவும் அவ்வளவு."

வண்டி வந்தது.
அவனுடைய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி,
மீன் வாடை போகாதது.
சுருட்டிய பாய் ஒன்று.
தூக்கிப் பார்த்தேன். அதே நாலு கிலோ,
வேறு பாய்.

இப்போதெல்லாம் தராசில் ஏறுகிறவர்களிடம்
மழையைப் பற்றிப் பேசுகிறேன்.
யாராவது அவர்களாகவே
"நேற்றைக்குப் போகிறோமாமே?" என்று கேட்டால்
"முப்பத்தைந்து நிமிடம்" என்கிறேன்.

கேக்கை மட்டும்
இன்னும் தனியாகத்தான் நிறுக்கிறேன்.