நடுவில் ஒன்றுமில்லை

பழைய லேபிளில் ஒரு கோட்டை இருந்தது.
இரண்டு சிங்கங்கள், மூன்று பதக்கங்கள்,
சுழித்துச் சுழித்துப் படிக்கவே வராத எழுத்து.
"இந்தக் கோட்டை எங்கே இருக்கிறது?" என்றேன்.
கூட்டுறவுச் சங்கத்து அதெரித்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"எங்கள் ஊரில் கோட்டையே கிடையாது.
அச்சகத்தில் சும்மா கிடந்த படம்."

ஆக, இடிப்பதில் பாவமில்லை.
முதல் வாரம் சிங்கங்களை அனுப்பிவைத்தேன்.
பதக்கங்களைக் கழற்றும்போது மட்டும்
ஒருவர் எழுந்து போய்ப் புகைத்துவிட்டு வந்தார்.
மிச்சம் வெள்ளைத் தாள்.
கீழோரம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு பெயர்.
நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான்
நாலாயிரம் யூரோ வாங்கினேன்.

ஒயின் அதே ஒயின்.
அதே தொட்டி, அதே குழாய்,
நாக்கின் ஓரத்தில் அதே புளிப்பு.

அக்டோபரில் அவெய்ரோ போயிருந்தேன்.
சூப்பர் மார்க்கெட்டில் அடித்தட்டு;
குனிந்தால்தான் கண்ணில் படும்.
ஒரு பெண், சட்டைப் பட்டையில் ஜெனோவேவா என்று பெயர்,
விலை ஒட்டும் துப்பாக்கியோடு
தரையில் உட்கார்ந்திருந்தாள்.
டக். டக். டக்.
ஒவ்வொரு பாட்டிலிலும்
என் வெற்றிடத்தின் நட்டநடுவில்
ஆரஞ்சு வட்டம்: 2,19.

"கொஞ்சம் ஓரமாக ஒட்டக்கூடாதா?"
"இதற்குத்தானே இடம் விட்டிருக்கிறார்கள்"
நிமிராமலே சொன்னாள்.

தள்ளி நின்று பார்த்தேன்.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
சே,
அழகாகத்தான் இருக்கிறது.

இரண்டு பாட்டில் வாங்கினேன்.
அடுத்த அச்சில் அந்த வட்டத்தை
நானே போட்டுவிடுவதாக இருக்கிறேன்.
அதற்குத் தனிக் கூலி.