படகில் ஏறாதவர்கள்

மைனஸ் இருபத்திரண்டு.
ஔலு நகரத்துக் கச்சேரி மண்டபத்தில்
கோட்டு மாட்ட ஆணி மிச்சமில்லை.
வழக்கமான வியாழன்களில் பாதி நாற்காலி காலி;
சந்தாக்காரர்கள் நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிற சத்தம்
வயோலா வரிசைவரை கேட்கும்.
இன்று பஸ் ஓட்டுகிறவர்கள்,
இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்த தாதி,
தலைமுடிக்குப் பச்சை பூசிய கணக்காளர்.

"அறுபத்தெட்டுப் பேர் சேர்ந்து
ஒரு பொம்மைக்குப் பின்பாட்டு வாசிக்கிறோம்"
என்றான் டூபா உர்ஹோ.
சிரித்தோம். நான் கொஞ்சம் உரக்கவே.

சிக்கல் ஒத்திகையிலேயே தொடங்கியது.
பதினான்காவது துண்டு. பெயர், படகுத்துறை.
நாற்பத்தெட்டுக் கட்டம் முடிந்ததும்
இரண்டு கோடு, இரண்டு புள்ளி.
திரும்பப் போ என்று அர்த்தம்.
போய் வந்தால் அதே இரண்டு புள்ளி.
கடைசித் தாள் தொலைந்துவிட்டதென்று
நூலகர் வெலாமோ அலமாரியெல்லாம் கலைத்தான்.

கடைசித் தாளே கிடையாது.
விளையாட்டில் அந்த இடத்தில் மழை.
துடுப்போடு ஒருவன் நிற்பான்.
ஆடுகிறவர் படகில் ஏறும்வரை
இசை காத்திருக்க வேண்டும்.
எப்போது ஏறுவார், யார் கண்டது?
பத்து நொடியில் ஏறலாம்,
எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டும் வரலாம்.

நான் இருபத்து நான்கு வருடம் வாசித்ததெல்லாம்
ரயில் ஜாதி.
நீ வந்தாலும் வராவிட்டாலும் கிளம்பிவிடும்.
இது
வாசலில் வந்து நின்று
ஹாரன் அடிக்காத டாக்ஸி.

"மூன்று முறை வாசிப்போம்.
பிறகு நீளமாக ஒரு ஸி மேஜர், விளக்கு அணையும்"
என்றார் கண்டக்டர் இங்கெரி.
பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

இரவு.
தூலிக்கியின் ஓபோ நான்கு ஸ்வரம் சொன்னதுமே
மண்டபத்தில் எதுவோ உட்கார்ந்தது.
மூன்றாம் முறை, நாற்பத்தோராம் கட்டம்,
செல்லோக்கள் படியிறங்கும் இடத்தில்
தலை தூக்கினேன்.
முதல் வரிசையில் பஸ் கம்பெனிச் சட்டையில் ஒருவர்.
கண் மூடியிருந்தது.
முழங்கால்மேல் இரண்டு கட்டைவிரலும்
அசையாமல்,
எதையும் அழுத்தாமல்.

இங்கெரியும் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.
ஸி மேஜர் வரவில்லை.
அவருடைய இடது கை சின்னதாக ஒரு வட்டம் போட்டது.
நான்காம் முறை.
ஐந்து.
தோள் வலித்தது. தாளைப் பார்ப்பதை
எப்போது விட்டேன் என்று தெரியாது.
முப்பது கட்டம் சும்மா எண்ணவேண்டிய உர்ஹோ
எண்ணிக்கையை விட்டுவிட்டு
கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆறாம் முறை, பதினேழாம் கட்டம்,
தூலிக்கியின் மூச்சு பாதியில் இருக்க
இங்கெரி கையை மூடினார்.

அவ்வளவுதான்.

எழுநூறு பேர் ஒரே சமயத்தில்
வாயைத் திறந்து மூடினார்கள்.
அவர்களுக்கு அது அப்படித்தான் நின்றிருக்கிறது எப்போதும்:
சாப்பிடக் கூப்பிட்டதில் ஒருவருக்கு,
பள்ளி வேன் வந்ததில் இன்னொருவருக்கு,
ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டத்தில்.

கோட்டு வாங்கும் வரிசையில்
இரண்டு பேர் என் வயோலாப் பெட்டியைப் பார்த்து நின்றார்கள்.
"இவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும்
நான் படகில் ஏறவே இல்லை" என்றார் இளையவர்.
"ஏறினால் கதை அடுத்த இடத்துக்குப் போய்விடும்."
"வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை,"
உப்பு மிட்டாயை மென்றபடி மூத்தவர்,
"ராத்திரி முழுக்கச் சுவர் வழியாக.
எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா?"
டிக்கெட் எடுத்தது யார் என்று கேட்டேன்.
மூத்தவர் கையைத் தூக்கினார்,
வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்போல.

மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுக்குமுன்
பென்சில் ஸி மேஜரை அழித்தேன்.
அழித்த இடம் சாம்பலாக இருந்தது;
பக்கத்தில் புள்ளி இரண்டும் சுத்தமாக.

உர்ஹோ இப்போது அதை ஆடுகிறானாம்.
பத்து நாளாகத் துறையிலேயே நிற்கிறான்.
இன்னுமா ஏறவில்லை என்றேன்.
மழை விடட்டும் என்றான்.