நிகர எடை

பதினோரு மாசம் கழித்து
மண்டி வீதிக்குள் நுழைகிறேன்.
சட்டைக்கு அடியில் பெல்ட்.
வேலூர் மே மாசத்தில் அது
இடுப்பில் கட்டிய தனி அடுப்பு.

"இன்னா முனிரத்தினம்,
கலெக்டராட்டம் நிமிந்து வர்றே?"
என்றான் கன்னியப்பன்,
முதுகில் ஆரணிப் பொன்னியோடு.
குனிய முடியாதவன்
வேறெப்படி வருவான்.

அன்றைக்கும் இதே இடத்தில்தான் லாரி.
நூற்றுப் பதினாலாவது மூட்டை.
எண்ணிக்கை மறக்காது,
கூலிக் கணக்கு அதோடு நின்றதால்.
பலகையில் ஏறிய கால் இறங்கவில்லை.
வெண்டைக்காய் நுனியை
யாரோ ஒடித்துப் பார்த்த மாதிரி
உள்ளே ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.
மூட்டைதான் பெரிய சத்தத்தோடு விழுந்தது,
எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

பாகாயத்தில்
பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் பிடித்து
நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவே
பிதுங்கிக் கிடந்ததைக் காட்டினார் டாக்டரம்மா.
"மறுபடி தூக்குமா?" என்று கேட்டாள் அமுலு.
மாட்டுச் சந்தையில் கேட்பதுபோல் இருந்தது.
கோபம் வரவில்லை.
நானும் அதையேதான் கேட்க இருந்தேன்.

இருபது வருஷம் தூக்கினவனுக்குக்
காலி பக்கெட்டைத் தூக்கக்
கற்றுக்கொடுத்தார்கள்.
தப்பாகத் தூக்கினேன்.
மறுபடி, என்றார்கள்.
முழங்காலை மடக்கு, பக்கெட்டை வயிற்றோடு அணை,
எங்கே உட்கார்ந்தாலும்
இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நில்.

அந்த மாசங்களில் எங்கள் வீட்டு அடுப்பு
அமுலு சுற்றிய பீடியில் எரிந்தது.
ராத்திரி அவள் விரல்களை
நான் பிடித்துவிடுவேன்.
அதற்குக் குனிய வேண்டியதில்லை.

காட்பாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு, மூன்று வாரம்.
மாடிப்படி முப்பத்திரண்டு.
கொக்கி பிடித்துக் காய்த்த விரலால்
ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுந்தது.
"மெதுவா அங்கிள், அது மூட்டை இல்ல"
என்றாள் ஷபானா மேடம்.
பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள்.
நாலாவது நாள் வகுத்தல் வந்தது.

இப்போது எடைமேடைக் கூண்டு என்னுடையது.
ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி,
சிவப்பாக எரியும் எண்கள்.
லாரியோடு எடை பதினெட்டாயிரத்து நூறு.
இறக்கிவிட்டு வெறும் லாரி ஐயாயிரத்து எழுநூறு.
கழித்தால் சரக்கு.
இருநூறால் வகுத்தால்
மூட்டை ஒன்றுக்கு அறுபத்திரண்டு கிலோ.

கோணியில் அச்சடித்திருப்பது ஐம்பது.
கூலியும் ஐம்பதுக்குத்தான்.

எண் வருவதற்கு முன்பே தெரியும் எனக்கு.
கன்னியப்பனின் வலது முழங்கால்
மூன்றாம் நடையிலேயே உள்வாங்கியது.
ஐம்பதுக்கு அது வாங்காது.
என் நூற்றுப் பதினாலும்
இப்படித்தான் இருந்திருக்கும்.
அன்றைக்கு யார் வகுத்தார்கள்?

"மூட்டை எடைக் கட்டத்துல
கோணியில இருக்கிறதையே போட்டுடு"
என்று சொல்லிவிட்டுப் போனார்
ஜெயவேலு முதலாளி, சாதாரணமாக,
டீ சொல்லிவிட்டுப் போவதுபோல.

முதல் லாரிக்கு ஐம்பது போட்டேன்.
மறைக்க மாட்டேன், போட்டேன்.
அமுலுவின் விரல்கள் ஞாபகத்தில் இருந்தன.
சீட்டு வெளியே வந்தது,
சூடாக, ஒரு நாக்கு மாதிரி.

இரண்டாவது லாரி நின்றபோது
முதுகில் பழைய இடம் இழுத்தது.
நான் எதையும் தூக்கியிருக்கவில்லை.

ஆறு. இரண்டு.
ஒற்றை விரலால், மெதுவாக, அங்கிள்.

கன்னியப்பன் சீட்டைப் படிக்கவில்லை,
தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொண்டான்.
சங்கத்தில் படிப்பார்கள்.

சாயங்காலம் முதலாளி கூண்டுப் பக்கம் வந்தார்,
கையில் இன்னொரு சீட்டு.
நான் எழுந்து நின்றேன்.
மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்,
முகம் கொஞ்சம் இளகியது.

இருபது நிமிஷம் ஆகியிருந்தது,
அவ்வளவுதான்.